வெளிநடையில் பனி தங்காமல் காக்கும் மின் வெப்ப விரிப்பு: அளப்பது முதல் எடுத்து வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பனியே விழாத கொழும்பில் இருந்துகொண்டு பனி உருக்கும் விரிப்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது கனடாவிலோ நோர்வேயிலோ சுவிற்சர்லாந்திலோ இங்கிலாந்திலோ இருக்கின்றது. பேரப்பிள்ளை பிறப்பதையும் பாடசாலை விடுமுறையையும் ஒட்டி இங்கிருந்து புறப்படும் பெற்றோர், பெரும்பாலும் அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் போய் இறங்குகிறார்கள். குப்பைப் பெட்டியை வெளியே வைப்பதற்கு பாட்டாச் செருப்போடு வாசற்படி இறங்கும் பழக்கம் அவர்களோடு விமானம் ஏறிவிடுகின்றது. அவர்கள் வருவதற்கு முன் வாசலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணும் பிள்ளைகள் நாடும் பொருள்களில் ஒன்றுதான் மின் வெப்ப விரிப்பு. மின்சாரம் தெரிந்த அப்பாவிடமோ மாமாவிடமோ, "இதைப் போட்டால் லைன் தாங்குமா?" என்ற கேள்வியும் கொழும்புக்கே வந்து சேருகின்றது.

இந்த விரிப்பை வாங்குவோர் பொதுவாகக் கவனிப்பது பனி எவ்வளவு வேகமாக உருகும் என்பதையே. என்னுடைய அபிப்பிராயத்தில் அது மூன்றாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. உருகிய நீர் எங்கே ஓடும் என்பதும், அந்த மின்சுமையை வீட்டின் எந்தச் சுற்றுச் சுமக்கும் என்பதும் முதல் இரண்டு கேள்விகள். இவ்விரண்டுக்கும் விடை காணாமல் விரிக்கப்படும் விரிப்பு, முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஒரு வழுக்கலை உண்டாக்கிவிடக்கூடும்.

விரிப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது

இரண்டு றப்பர் அல்லது பிளாஸ்ரிக் தகடுகளுக்கு இடையே தடைக் கம்பியையோ காபன் படலத்தையோ வைத்து, நீர் புகாதபடி ஒட்டிச் செய்யப்படுவதே இந்த விரிப்பு. கால் வழுக்காமல் இருப்பதற்காக அதன் மேற்பரப்பில் வரிகள் பதிக்கப்பட்டிருக்கும். மழைக்கும் பனிக்கும் தாங்கும் இணைப்பிகள் அதன் முனைகளில் இருப்பதால், ஒன்றோடு ஒன்றைத் தொடுத்துக்கொண்டே போகலாம். இஸ்திரிக்கைப் பெட்டி போல அது சுடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மேற்பரப்பை உறைநிலைக்குச் சில பாகைகள் மேலே வைத்திருப்பது மட்டுமே அதன் வேலை. கடுங்குளிரில் வெறுங்கையால் தொட்டால் அது இயங்குகிறதா என்ற சந்தேகம்கூட எழலாம்.

அதன் வலுவைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை, வெப்பநிலையை ஒரு பாகைகூட உயர்த்தாமல், நீராக மாற்றுவதற்கு மட்டும் 334 கிலோயூல் சக்தி தேவை. புதிதாக விழுந்த 10 செ.மீ. பனி, பொதுவாக 1 செ.மீ. உயர நீருக்குச் சமம். அதாவது ஒரு சதுர மீற்றரில் 10 கிலோகிராம். அதை உருக்க 3,340 கிலோயூல், அதாவது ஏறத்தாழ 0.93 கிலோவாட் மணி வேண்டும். பனி -10 பாகையில் இருந்தால், அதை உறைநிலைக்குக் கொண்டுவர இன்னும் சிறிது சேர்ந்து, மொத்தம் ஏறக்குறைய ஓர் அலகு ஆகின்றது. நம் மின்கட்டணப் பட்டியலில் வருகின்ற அதே அலகுதான் இது. காற்றும் கீழேயுள்ள உறைந்த கொங்கிறீற்றும் பறித்துக்கொள்ளும் வெப்பம் இதற்கு மேலதிகம் என்பதால், உண்மையான செலவு இரு மடங்காகவும் போகலாம்.

சந்தையிலுள்ள விரிப்புகள் பெரும்பாலும் சதுர மீற்றருக்கு 300 முதல் 500 வாட் வரை வலுவுடையவை. 400 வாட் என்று வைத்துக்கொண்டால், இழப்பே இல்லாத நிலையிலும் 10 செ.மீ. பனியை உருக்க இரண்டரை மணித்தியாலம் ஆகும். மணிக்கு 4 செ.மீ. என்பதே கணக்கு தருகின்ற விடை. மணிக்கு 5 செ.மீ. உருக்கும் என்று விளம்பரத்தில் கண்டால், அது காற்றில்லாத, உறைநிலையை ஒட்டிய நாளுக்கு உரியது என்று எடுத்துக்கொள்ளலாம். -20 பாகையில், வாடைக்காற்றோடு, அதைவிட வேகமாகப் பனி கொட்டும்போது விரிப்பின்மேல் பனி குவியத்தான் செய்யும்; புயல் தணிந்த பின்னர்தான் அது மெல்ல மெல்ல உருகித் தீரும்.

இதே கணக்கு முழுக் கார்ப்பாதையையும் விரிப்பால் மூடும் ஆசைக்கு முற்றுப்புள்ளி வைக்கின்றது. இரண்டு கார் நிற்கும் 6 மீற்றருக்கு 6 மீற்றர் இடத்துக்கு 14,400 வாட் தேவை. 240 வோல்டிலும் அது 60 அம்பியர் ஆகும். அத்தகைய பரப்புக்குக் கொங்கிறீற்றின் உள்ளேயே வெப்பக் கம்பியைப் பதிக்கிறார்கள், அல்லது உறையாத திரவத்தைக் குழாய்களில் ஓடவிடுகிறார்கள். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரம், வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் புவிவெப்ப நீரை நடைபாதைகளின் கீழே செலுத்துகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹொலன்ட் என்ற சிறு நகரம், மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தைக் கொண்டு 1988 முதல் தன் கடைத்தெருவைப் பனியின்றி வைத்திருக்கின்றது. வீட்டுக்காரர் ஒருவர் தம் பிளக் பொயின்றில் செருகும் விரிப்பால் செய்யக்கூடியது, கால் வைக்கும் தடம் ஒன்றைத் திறந்து வைப்பது மட்டுமே. முதியவர் ஒருவர் விழாமல் காருக்குப் போய்ச்சேர அது போதும்.

முதற்படி: தடத்தைத் தீர்மானித்து அளத்தல்

இந்த வேலையைப் பனிக்கு முன், புரட்டாதி அல்லது ஐப்பசியில் செய்ய வேண்டும். வாசற்கதவிலிருந்து தொடங்கி, வீட்டார் உண்மையில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பாருங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோ போன்ற இடங்களில் முன்வாசலைவிட, பேஸ்மென்றுக்கு இறங்கும் பக்கவாட்டுப் படிகளே ஆபத்து மிகுந்தவை. வெயில் படாத, இரு பக்கமும் சுவருள்ள அந்தப் பள்ளத்தில் விழும் பனி தானாகக் கரைவது அரிது. கரைந்தாலும் நீர் அடித்தளத்தில் தேங்கி உறைந்துவிடும். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இதில் சட்டப் பக்கமும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தனியார் இடத்துப் பனியாலோ ஐசாலோ விழுந்து காயப்பட்டவர் இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம்; ஆனால், பொதுவாக 60 நாட்களுக்குள் அதை எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும் என்று, 2021 தை மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் விதிக்கின்றது. ஆகவே, இருக்கின்ற பணத்துக்கு ஓர் இடத்தில் மட்டுமே விரிக்க முடியும் என்றால், முன்வாசலின் அழகைப் பாராமல் அந்தப் படிகளுக்கே முதலிடம் கொடுங்கள்.

தனியாக நடப்பவருக்கு 60 செ.மீ. அகலம் போதும். நடைச்சட்டம் பிடித்து நடப்பவருக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் 75 முதல் 90 செ.மீ. வரை வேண்டும். படிகளில், ஒவ்வொரு படியின் ஆழத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் படிகள் அளவில் வேறுபட்டிருப்பது வழக்கம். விரிப்பு படியின் முன்விளிம்புக்கு உள்ளேயே அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் விரிப்பு காலை இடறும், நாளடைவில் மடிந்து உள்ளே கம்பியும் அறும்.

அளவெடுப்போர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கனேடிய வீடுகள் பலவற்றில் மரக்கதவுக்கு வெளியே, புறம் நோக்கித் திறக்கும் இரண்டாவது கண்ணாடிக் கதவு இருக்கும். அதன் அடிவிளிம்புக்கும் வாசல் தளத்துக்கும் உள்ள இடைவெளி விரிப்பின் தடிப்பைவிடக் குறைவாக இருந்தால், கதவு விரிப்பில் முட்டி நிற்கும். இடைவெளியை அளந்து, அதைக் கடையில் விரிப்பின் தடிப்போடு ஒப்பிடுங்கள். கதவு முட்டுமானால், அது சுழலும் வட்டத்துக்கு அப்பால் விரிப்பைத் தொடங்கிவிட்டு, அந்தச் சிறு இடத்தைச் சவளாலும் உப்பாலும் பார்த்துக்கொள்வதே நல்லது.

அளந்தவற்றைத் தாளில் வரைந்து, பிளக் பொயின்ற் இருக்கும் இடத்தையும் கூரைப் பீலியின் குழாய் நீர் விடும் இடத்தையும் குறியுங்கள். பின்னர் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தடத்தின் மேற்புறத்தில் ஊற்றிப் பாருங்கள். அது ஓடும் திசையில்தான் உருகிய பனியும் நாளை ஓடும். பீலிக் குழாய் நடைபாதையில் நீரைக் கக்குமானால், விரிப்பு வாங்குவதற்கு முன் அந்தக் குழாயைப் புல்வெளிப் பக்கம் திருப்பிவிடுங்கள். சில வீடுகளில் அந்த ஒரு திருத்தத்தோடு பிரச்சினை பாதியாகிவிடும். கூட்டுக்குடியிருப்பாகவோ வரிசை வீடாகவோ இருந்தால், வாசலும் நடைபாதையும் பொதுச்சொத்தாக இருக்கக்கூடும் என்பதால், நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெறாமல் எதையும் விரிக்கக் கூடாது.

இரண்டாம் படி: மின்சுமைக் கணக்கு

கனடாவில் சாதாரணப் பிளக் பொயின்ற் 120 வோல்ட்; அதன் பிறேக்கர் பெரும்பாலும் 15 அம்பியர். பெருக்கினால் 1,800 வாட் வருகின்றது என்று அத்தனையையும் ஏற்றிவிட முடியாது. மணிக்கணக்காக இடைவிடாது ஓடும் சுமைக்கு நூற்றுக்கு எண்பது பங்கு மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், உண்மையான எல்லை 12 அம்பியர், அதாவது 1,440 வாட். 20 அம்பியர் சுற்றாக இருந்தால் 16 அம்பியர், 1,920 வாட்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 60 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் கொண்ட நடைபாதை விரிப்பு ஒன்று 360 வாட் என்றும், படி விரிப்பு ஒன்று 75 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து படிகளுக்கு 375 வாட். அதோடு நடைபாதை விரிப்பு மூன்று சேர்த்தால் 1,455 வாட் ஆகி, எல்லையை வெறும் 15 வாட்டால் தாண்டிவிடுகின்றது. பிறேக்கர் உடனே விழாது. அதனாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், பனிப்புயல் இரவொன்றில் பத்து மணித்தியாலம் தொடர்ந்து சூடேறும் இணைப்புகள் இந்த அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளா. நடைபாதை விரிப்பை இரண்டாகக் குறைத்தால் 1,095 வாட், சற்றேறக்குறைய 9 அம்பியர். இது நிம்மதியான அளவு. மூன்றாவது கட்டாயம் வேண்டுமென்றால், அதை வேறொரு சுற்றிலிருந்து எடுக்க வேண்டும். பிறேக்கர் தாங்கும் அளவு வேறு, விரிப்போடு வரும் மின்வடம் தாங்கும் அளவு வேறு என்பதால், ஒரே வடத்தில் எத்தனை விரிப்புகளைத் தொடுக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள உச்ச வரம்பையும் பார்க்க வேண்டும்.

அந்த 9 அம்பியரும் அந்தச் சுற்றில் தனியாக இருக்கின்றதா என்பது அடுத்த கேள்வி. வெளிவாசல் பொயின்ற் பல வீடுகளில் கராஜ், பேஸ்மென்ற் பொயின்றுகளோடு ஒரே கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். உரிய பிறேக்கரை நிறுத்திவிட்டு, வீட்டில் வேறு எவையெல்லாம் அணைகின்றன என்று சுற்றிப் பாருங்கள். நத்தார் அலங்கார விளக்குகளும் கராஜில் இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியும் அதிலேயே இருந்தால், அவற்றின் வாட் அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: எந்த நாட்டு விரிப்பு, எந்த நாட்டுப் பொயின்ற்

நம்மவர்களின் குடும்பங்கள் பல நாடுகளில் பரந்திருப்பதால் வரும் ஆபத்து இது. ரொறன்ரோவில் மலிவு விற்பனையில் கிடைத்தது என்று அக்காவுக்கு வாங்கி ஒஸ்லோவுக்கு அனுப்புவதும், லண்டனில் வாங்கியதைத் தம்பிக்குக் கொண்டுபோவதும் நம்மிடையே சாதாரணம். தடைக் கம்பியின் வலு, வோல்ட் அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 120 வோல்டுக்குச் செய்த 360 வாட் விரிப்பை, மலிவான அடப்டர் ஒன்றின் உதவியால் 230 வோல்டில் செருகினால், அது 3.7 மடங்கு, ஏறத்தாழ 1,320 வாட் இழுக்கும். கட்டுப்படுத்தியோ காப்போ முதலில் எரியாவிட்டால் விரிப்பே எரியும். மறுபுறம், 230 வோல்ட் விரிப்பைக் கனடாவில் செருகினால் கால் பங்கு வலுவே கிடைக்கும். தீங்கு இல்லை, பயனும் இல்லை. அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டை மாற்றாது என்பதை, கனடாவிலிருந்து வந்த சமையல் கருவிகளைப் புகையவிட்ட கொழும்பு வீடுகளுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே, பயன்படுத்தப்படும் நாட்டிலேயே வாங்குங்கள். கனடாவில் சி.எஸ்.ஏ., சி.யூ.எல். அல்லது கனடாவுக்குரிய ஈ.டி.எல். என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை விரிப்பின் உடலிலேயே பதிந்திருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது. வெளிப்புறத்தில், பனி உருக்கும் பயன்பாட்டுக்கு என்ற சொற்களும் இருக்க வேண்டும். உள்ளறைக் கால்சூட்டு விரிப்பும், முதுகுவலிக்கு மருந்துக்கடையில் விற்கும் வெப்பத் துணியும் வாசற்படிக்கு உரியவை அல்ல. "ஈரம் பட்டால் என்ன, மேலே ஒரு பொலித்தீன் போட்டால் சரி" என்ற யோசனை உயிருக்கு ஆபத்தானது.

ஐரோப்பாவில் வோல்ட் ஒன்றாக இருந்தாலும் பொயின்றின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தில் நம் நாட்டில் உள்ளது போன்ற 13 அம்பியர் சதுரப் பிளக்; சுவிற்சர்லாந்தின் சாதாரணப் பிளக் 10 அம்பியர், அதாவது 2,300 வாட்டுக்கு மேல் போகாது.

நான்காம் படி: பொயின்றும் ட்ரிப் சுவிச்சும்

கொழும்பு வீடுகளில் பிரதான பலகையில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்று வீடு முழுவதற்கும் இருக்கும். கசிவு எங்கே ஏற்பட்டாலும் முழு வீடும் இருளும். கனடாவில் வெளிப்புறப் பொயின்றுக்குள்ளேயே அத்தகைய பாதுகாப்பு அமைந்திருக்கும். அது சுமார் 5 மில்லி அம்பியர் கசிவிலேயே அந்தப் பொயின்றை மட்டும் துண்டித்துவிடும். ஈரத்தில் நிற்கும் மனிதரைக் காப்பது இதுவே என்பதால், அது இல்லாத பழைய பொயின்றில் விரிப்பைச் செருகவே கூடாது. பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கவேண்டும். மீட்புப் பொத்தானை அழுத்தினால் திரும்ப வரவேண்டும். இதைப் பனிக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

பிளக் செருகியிருக்கும்போதே மூடக்கூடிய குமிழ் மூடி அந்தப் பொயின்றுக்கு வேண்டும். தரையிலிருந்து அதன் உயரத்தையும் பாருங்கள். பனிக்குவியலுக்குள் புதைந்துவிடும் பொயின்றால் பயனில்லை. புதிய பொயின்றோ தனிச் சுற்றோ போடுவதாயின், ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு செய்வித்து, மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கவும் வேண்டும். தெரிந்த பையன் ஒருவனை வைத்து ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடும் நம்மூர் முறை, தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்தின் முன் நிற்காது. நீட்சி வடங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான தயாரிப்பாளர்களும் அவற்றை விலக்குகிறார்கள். நீர் புகுவதற்கும் கால் தடுக்குவதற்கும் அது இன்னுமோர் இடம் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: விரித்தல்

உறைநிலைக்கு மேலான, வெயிலுள்ள நாளொன்றைத் தெரிந்தெடுங்கள். குளிரில் விறைத்த றப்பரை இழுத்து நிமிர்த்தினால் உள்ளே வெடிப்பு விழலாம். விரிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, சமதரையில் முழுதாகப் பரப்பி, தனித்தனியே கால் மணித்தியாலம் இயக்கி, ஒவ்வொன்றின் நான்கு மூலைகளையும் நடுவையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சுருட்டிய நிலையில் ஒருபோதும் மின்சாரம் கொடுக்க வேண்டாம். சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. அதே காரணத்தால் ஒரு விரிப்பின்மேல் இன்னொன்று ஏறவும் கூடாது, மேலே கால்மிதியோ கம்பளமோ போடவும் கூடாது.

தளத்தைக் கூட்டி, கல், மணல், இலைகளை அகற்றி, ஈரம் காய்ந்த பின் விரியுங்கள். பனி விழுந்த பிறகுதான் விரிப்பு வந்துசேர்ந்தது என்றால், ஐஸ் முழுவதையும் நீக்கிய வெறுந்தரையில்தான் விரிக்க வேண்டும். ஐசின்மேல் விரித்தால், அடியிலுள்ளது உருகி விரிப்பே சறுக்கும் பலகையாகிவிடும். படி விரிப்புகளை அவற்றிலுள்ள துளைகள் வழியாகவே தளத்தோடு பிணைக்க வேண்டும். புதிதாகத் துளையிட்டால் கம்பியைத் துளைத்துவிடுவீர்கள். இணைப்பிகளை முழுதாக அழுத்தி மூடி, பயன்படாத கடைசி முனைக்கு அதோடு வந்த நீர்காப்பு மூடியைத் திருகுங்கள். வடத்தை, கால் படாத சுவரோரமாகக் கொண்டுசெல்லுங்கள்.

இனி, முன்பு சொன்ன நீரின் கதைக்கு வருவோம். விரிப்பின்மேல் உருகிய நீர் ஓரத்தைத் தாண்டியதும், -8 பாகையில் இருக்கும் வெறும் கொங்கிறீற்றைத் தொடுகின்றது. ஒரு சாண் தூரம் கசிந்ததும் அங்கேயே உறைகின்றது. இரவு முழுவதும் இது தொடர்ந்தால், விடியும்போது விரிப்பின் தாழ்ந்த ஓரத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில், நிறமில்லாத ஐஸ் பட்டி ஒன்று உருவாகியிருக்கும். அது வெண்பனியாகத் தெரியாது. நனைந்த தரையாகவே தெரியும். விரிப்பின்மேல் தைரியமாக நடந்து வந்தவர், கார்க் கதவைத் திறக்க ஓரத்தில் எடுத்து வைக்கும் அந்த ஓரடியில்தான் விழுகிறார்.

இதைத் தவிர்ப்பதற்கு விரிப்பு வரிசையின் முடிவு, நீர் வடிந்துபோகும் இடம் ஒன்றைத் தொட வேண்டும்: புல்வெளி, மண்பாத்தி, வடிகால், அல்லது குறைந்தபட்சம் யாரும் நடக்காத பக்கம். மீற்றருக்கு 2 செ.மீ. சரிவு இருந்தால் நீர் தயங்காமல் ஓடும். சவளால் வாரும் பனியைத் தடத்தின் தாழ்ந்த பக்கத்திலேயே குவியுங்கள். உயர்ந்த பக்கத்தில் குவித்த பனி, பகல் வெயிலில் கசிந்து தடத்துக்குக் குறுக்கே ஓடி, மாலையில் உறையும். ஓரங்களுக்கு மட்டும் உருக்கும் உப்புத் தூவலாம். சாதாரண உப்பு -9, -10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட்டு அதைவிடக் கடும் குளிரிலும் வேலை செய்யும். பேஸ்மென்ற் படிகளின் அடியில் உள்ள வடிகால் வாயை, இலையுதிர்காலச் சருகுகள் அடைத்திராதபடி துப்புரவாக்கி, கடைசி விரிப்பு அதன் அருகில் முடியுமாறு, ஆனால் வாயை மூடாதவாறு வையுங்கள்.

ஆறாம் படி: எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது

பனி தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பாவது இயக்கிவிட வேண்டும். சூடேறிய பரப்பில் விழும் பனி விழுந்தபடியே கரையும். ஏற்கனவே 15 செ.மீ. குவிந்த பின் இயக்கினால், அடியில் உருகி, மேலே பனிக்கூடு அப்படியே நிற்கும். அப்போது மேற்பனியைப் பிளாஸ்ரிக் சவளால் வாரி எறிந்துவிட்டு மிகுதியை விரிப்பிடம் விடுவதே சரி. இரும்புச் சவளும் ஐஸ் உடைக்கும் கூரான கருவியும் விரிப்பின் அருகே வரவே கூடாது. பனி நின்றதும் நிறுத்திவிடவும் கூடாது. மேற்பரப்பும் ஓரங்களும் காயும்வரை ஓடட்டும். பாதி உருகிய நிலையில் நிறுத்துவதைவிட, இயக்காமலே விட்டிருக்கலாம்.

தானியங்கியாக விட விரும்புவோர், 2 பாகையளவில் இயங்கத் தொடங்கி 7 பாகையளவில் நிற்கும் வெப்பநிலைப் பிளக் ஒன்றை வாங்குகிறார்கள். அது மலிவானது, ஆனால் பனி விழுகிறதா என்பதை அறியாது. வானம் தெளிந்த -15 பாகை நாளிலும் அது விரிப்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். முன்பு கணக்கிட்ட 1,095 வாட் விரிப்பை மணிக்கு 1.1 அலகு என்று எடுத்தால், ஒரு பனிப்பொழிவுக்குப் பத்து மணித்தியாலம் ஓட்ட 11 அலகு போதும். அதையே நான்கு மாதம் நிறுத்தாமல் ஓடவிட்டால் 3,168 அலகு. ஈரத்தையும் குளிரையும் சேர்த்து உணரும் கருவி விலை கூடியதாயினும், இந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது அதுவே இலாபம். அதை வாங்க மனமில்லையென்றால், வானிலை அறிவிப்பைப் பார்த்துக் கையால் இயக்குவதில் எந்தக் குறையும் இல்லை.

ஒன்ராறியோவில் 2023இல் அறிமுகமான மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மின்சாரம் மிக மலிவு. ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 மணி வரை மிக அதிகம். அந்தத் திட்டத்தில் உள்ள வீடுகள், மாலைப் பனிக்கு முடிந்தவரை சவளைப் பயன்படுத்தி, இரவுப் பனிக்கு விரிப்பை விடுவது புத்திசாலித்தனம்.

விரிப்பு இருக்கிறதென்று சவளையும் உப்பையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய ஐஸ் புயலில் சுமார் 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. விரிப்பு மிகவும் தேவைப்படும் நாளே மின்சாரம் இல்லாத நாளாகவும் அமையலாம்.

ஏழாம் படி: பழுதுகளும், வந்திருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியவையும்

பாதுகாப்புப் பொயின்ற் விழுந்தால், ஒருமுறை மட்டும் மீட்டிப் பாருங்கள். மீண்டும் விழுந்தால் பிளக்கைக் கழற்றி, விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனியே சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒன்றைச் சேர்க்கும்போது மட்டும் விழுந்தால், அந்த விரிப்போ அதன் இணைப்பியோ நீர் குடித்திருக்கின்றது. தனித்தனியே எல்லாம் சரியாக இயங்கி, முழு வரிசையையும் சேர்க்கும்போது மட்டும் விழுந்தால், ஒவ்வொன்றினதும் சிறு சிறு கசிவுகள் கூடி எல்லையைத் தாண்டுகின்றன என்று கொள்ளலாம். வரிசையை இரண்டு பொயின்றுகளுக்குப் பிரித்துவிடுங்கள். விரிப்பில் ஒரு பட்டை மட்டும் பனி உருகாமல் நின்றால், அங்கே உள்ளே கம்பி அறுந்திருக்கும். அதைப் பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது.

கொழும்பிலிருந்து போன அப்பாக்களுக்கு இதில் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். ட்ரிப் சுவிச்சை மூன்று நான்கு தடவை தூக்கிவிட்டுப் பார்த்துப் பழகிய கை, ஈர வாசலிலும் அதையே செய்யப் பார்க்கும். பொயின்றின் சிறு விளக்கு எந்த நிறத்தில் இருந்தால் சரி, எந்த நிறத்தில் இருந்தால் மகளுக்கோ மருமகனுக்கோ தொலைபேசி எடுக்க வேண்டும் என்பதைக் கதவின் உட்புறத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். விரிப்பைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்பதையும், வாசல் வரைதானே என்று பாட்டாவோடு இறங்கக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்க்கலாம். பிடித்து உட்கார்ந்து சப்பாத்து மாட்டுவதற்கு ஒரு சிறு கதிரையைக் கதவருகே வைத்தால், அந்தத் தாளுக்கு ஓரளவு மதிப்புக் கிடைக்கும்.

எட்டாம் படி: எடுத்து வைத்தல்

சித்திரையிலும் ரொறன்ரோவில் பனி விழுவதுண்டு என்பதால், எடுக்க அவசரப்படாமல் அந்த மாத முடிவுவரை விட்டுவைக்கலாம். எடுப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, உப்புப் படிவு போகும்வரை வெறும் நீரால் கழுவி, இரு பக்கமும் காயவிடுங்கள். இணைப்பிகளின் உலோக முனைகளில் பச்சை நிறம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கின்றது, அடுத்த பருவத்தில் பழுது வரப்போவது அங்கேதான். விரிப்புகளை மடிக்காமல் தட்டையாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். இடம் இல்லையென்றால், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும், தளர்வாகச் சுருட்டலாம். ஒவ்வொன்றின் அடியிலும் எந்தப் படிக்குரியது என்று ஒரு பட்டியில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த ஆண்டு மறுபடி அளக்க வேண்டியிராது. வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் எடுத்துத் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் திரும்பவும் பரப்பித் தொட்டுப் பார்க்கும்போது ஒன்று குளிர்ந்தே கிடந்தால், உத்தரவாதக் காலம் முடியுமுன் அதை மாற்றிக்கொள்ளலாம்.